இணக்க சபைக்குப் போகுமுன்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். இப்போது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். சபை கூடும் நாளில் மட்டுமல்ல, கல்யாணப் பந்தலிலும் கமநல நிலையத்து வரிசையிலும் கூட "டீச்சர், ஒரு விசயம் கேக்கணும்" என்று ஆட்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணியைத்தான் பார்க்க வேண்டும் என்ற இடம் வரும்போது அதைச் சொல்லிவிடுகிறேன். சபையில் கேட்டதை வெளியில் பேசுவது முறையல்ல என்பதால், உதாரணங்களில் ஊர், உறவு, தொகை எல்லாம் மாற்றப்பட்டவை.

இணக்க சபை என்டா என்ன? அதுவும் கோடு மாதிரித்தானா?

இல்லை, இது நீதிமன்றம் அல்ல. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு இது. கடிதத் தலைப்பில் "மத்தியஸ்த சபை" என்றிருக்கும். ஊரில் இணக்க சபை என்போம். நாடு முழுவதும் 300க்கு மேற்பட்ட சபைகள் உண்டு. பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் ஒரு பாடசாலை வகுப்பறையிலோ பொது மண்டபத்திலோ கூடும். ஒரு மேசை, மூன்று மத்தியஸ்தர்கள், எதிரே இரண்டு தரப்பு. நீதவானும் இல்லை, கூண்டும் இல்லை.

மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் கிடையாது. மத்தியஸ்த சபைகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து மூன்று வருடத்துக்கு நியமிக்கிறது. ஓய்வுபெற்ற அதிபர்கள், கிராம சேவகர்கள், சமூக வேலை செய்பவர்கள் அதிகம். இன்னொன்று: காணியை ஈடு வைத்துப் பட்ட கடனுக்கென்று கொழும்பில் ஒரு கடன் இணக்க சபை இருக்கிறது. அது 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்த வேறொரு சபை. அதன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வருபவர்களும் உண்டு.

தீர்ப்புச் சொல்ல மாட்டாங்க என்டா பிறகு என்னத்துக்குப் போற?

யார் சரி, யார் பிழை என்று நாங்கள் சொல்வதில்லை என்பது உண்மை. இரு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுவதுதான் எங்கள் வேலை. அதனால் என்ன பயன் என்பதை ஒரு உதாரணத்தில் சொல்கிறேன்.

படுவான்கரைப் பக்கம் ஒருவரின் பட்டி மாடுகள் இன்னொருவரின் வயலில் இறங்கிவிட்டன. பயிர் குடலைப் பருவம். வயல்காரர் 80,000 ரூபா நட்டம் என்றார். மாட்டுக்காரர் ஒரு சதமும் தர மாட்டேன் என்றார். இருவரையும் பேச விட்டோம். முதல் அரை மணித்தியாலம் சத்தம்தான். பிறகு மாட்டுக்காரர் சொன்னார்: "அப்பா காலத்துல இருந்து பட்டி குளத்துக்குப் போற பாதையில இவர் இந்தப் போகம் கம்பி அடிச்சிட்டார். மாடு எங்கால போற?" வயல்காரர் அதை மறுக்கவில்லை. கம்பி அடித்ததற்கு அவருக்கும் ஒரு காரணம் இருந்தது: போன போகம் அதே பாதையால் யாரோ இவரது நீர்ப்பம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

முடிவு இப்படி வந்தது: வெட்டு முடிந்து ஒரு கிழமைக்குள் மாட்டுக்காரர் குறித்த எண்ணிக்கை நெல் மூடை கொடுப்பார். வயல்காரர் கம்பியை எட்டு அடி உள்ளே தள்ளுவார். பாதையின் வாயிலுக்கு இருவரும் பாதிப் பாதி செலவில் படலை போடுவார்கள். திறப்பு இருவரிடமும் இருக்கும். வழக்கு என்று போயிருந்தால் நட்டஈடு 80,000 கிடைக்குமா, 20,000 கிடைக்குமா என்பதோடு கதை முடிந்திருக்கும். படலையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த போகம் திரும்பவும் மாடு இறங்கியிருக்கும்.

எங்க போய் முறைப்பாடு குடுக்கிற? எவ்வளவு காசு முடியும்?

பிணக்கு நடந்த பிரதேசத்துக்குரிய சபையின் தலைவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பது உங்கள் கிராம சேவகருக்கோ பிரதேச செயலகத்துக்கோ தெரியும். விண்ணப்பம் தமிழில் போதும். சிறு முத்திரைக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. ஒரு பிளேன்டீக் காசு கூட ஆகாது. சபையின் பெயரைச் சொல்லி யாராவது பணமோ, சாப்பாட்டுப் பார்சலோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் குடும்ப வரலாறு முழுக்க வேண்டாம். யார், யாருடன், எப்போது, என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் ஒரு பக்கம் தாராளம். கடைசி விசயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "நீதி வேண்டும்" என்று எழுதினால் நாங்கள் என்ன செய்வது? எத்தனை ரூபா, எந்த வேலி, எந்த மன்னிப்பு என்று எழுதுங்கள்.

போகக்குள்ள என்னென்ன கொண்டு போகணும்?

அடையாள அட்டை, சபை அனுப்பிய அறிவித்தல், பிணக்கோடு தொடர்பான கடதாசிகள். காணி என்றால் உறுதி அல்லது பேர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்), நில அளவைப் படம். கடன் என்றால் ரசீது, வங்கிச் சிட்டை. சீட்டு என்றால் சீட்டுக் கொப்பி. வட்ஸ்அப்பில் "அண்ண வாற மாசம் தாறன்" என்று வந்த செய்தி இருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மூலப்பிரதியைக் காட்டுங்கள், கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பி போதும்.

இதெல்லாம் வேணாம், நேரே கோட்டுக்குப் போக ஏலாதா?

சில பிணக்குகளுக்கு ஏலாது. அசையும், அசையாச் சொத்து, கடன், நட்டஈடு போன்ற பிணக்கின் பெறுமதி சட்டம் சொல்லும் எல்லைக்குள் இருந்தால், முதலில் சபைக்கு வந்து, இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் எடுத்துக்கொண்டுதான் வழக்குத் தொடரலாம். அந்த எல்லை 1988 இல் 25,000 ரூபா. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 இலட்சம் ஆக்கியது. தொகை காலத்துக்குக் காலம் கூடுவது என்பதால் வழக்குப் போடும் நேரத்தில் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகாயம், அத்துமீறி நுழைதல், சொத்துக்குச் சேதம், பயமுறுத்தல் போன்ற சட்டத்தின் அட்டவணையிலுள்ள குற்றங்களுக்கும் இதே வழிதான். பொலிஸ் முறைப்பாட்டைச் சபைக்கு அனுப்புவது இதனால்தான். உங்கள் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

எல்லைக்கு மேற்பட்ட பிணக்கையும் நீங்களாக விரும்பிக் கொண்டுவரலாம். கட்டாயம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

என்ன பிரச்சினை அங்க எடுபடாது?

விவாகரத்து, பாகப்பிரிவினை வழக்கு, இறந்தவரின் மரணசாதனம், பிள்ளையின் பாதுகாவலர் யார் என்பன நீதிமன்றத்துக்குரியவை. அரசாங்கம் ஒரு தரப்பாக இருக்கும் பிணக்கும், சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்துவிட்ட குற்றமும் வராது. முஸ்லிம் குடும்பங்களின் விவாகரத்து, மனைவி பிள்ளைத் தாபரிப்பு காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்குத் தாபரிப்பு என்றால் 1999 ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம்.

வயல் குத்தகை, வயல் சொந்தக்காரரான போடியாருக்கும் வயல் செய்பவருக்கும் இடையிலான பிணக்கு என்றால் கமநல அபிவிருத்திச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. முதலில் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

சட்டத்தரணி ஒராளைக் கூட்டிட்டுப் போகலாமா?

சபைக்குள் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும். படிக்காத ஆள், பேச்சு வராது என்று பயப்படத் தேவையில்லை. மறுபக்கத்தவரும் அதே பிளாஸ்டிக் கதிரையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் வருமுன் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பதை யாரும் தடுக்கவில்லை. காணி, பெரிய கடன் என்றால் கட்டாயம் கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மூணு மத்தியஸ்தர்ல ஒராள் அவங்கட சொந்தக்காரர். நியாயம் கிடைக்குமா?

எங்கள் ஊர்களில் ஏதோ ஒரு வழியில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். அதற்காகத்தான் தெரிவு உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது: சபையின் மத்தியஸ்தர் பட்டியலிலிருந்து ஒருவரை நீங்கள் தெரிவு செய்வீர்கள், ஒருவரை மறுதரப்பு தெரிவு செய்யும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். உங்கள் மனதுக்கு ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். சொன்னால் கோபிப்பார்கள் என்று நினைத்து உள்ளே இருந்துவிட்டு, பிறகு சந்தியில் நின்று குறை சொல்வதில் பயனில்லை.

மூன்று பேரும் மறுதரப்பின் பக்கம் சாய்ந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் முடிக்க அவர்களால் ஏலாது. இது பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் சொல்கிறேன்.

நான் போவன், அவர் வரமாட்டார். பிறகு?

சபை அறிவித்தல் அனுப்பும். வராதவரைப் பிடித்து இழுத்துவரும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. திரும்பத் திரும்ப வரவில்லை என்றால் உங்களுக்கு மேலே சொன்ன சான்றிதழ் கிடைக்கும். அதோடு நீதிமன்றம் போகலாம். வராமல் இருப்பதைப் பெருமையாக நினைப்பவர்களுக்கு ஒன்று: இங்கே சம்மதித்திருந்தால் தவணையில் கட்டியிருக்கக்கூடிய தொகையை, அங்கே செலவோடு சேர்த்துக் கட்ட வரலாம்.

லீசிங் கம்பனியில இருந்து இணக்க சபை நோட்டீஸ் வந்திரிக்கி. பயமா இரிக்கி டீச்சர். போகாம விடட்டா?

போங்கள். சபைகளுக்கு வரும் பிணக்குகளில் கடன் பிணக்குகள் மிக அதிகம். நுண்கடன், லீசிங், கடைக் கடன் எல்லாம் அதில் அடக்கம். நோட்டீஸ் வந்தால் உங்களைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. கம்பனிக்கு வழக்குப் போட முன் அந்தப் படியைத் தாண்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது கணக்கு. வாங்கிய முதல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிந்திய கட்டணம் என்று போட்டது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கிழமைக்குக் கிழமை கலெக்டர் வீட்டு வாசலில் வந்து வாங்கிய பணத்துக்குச் சிட்டை வைத்திருக்கும் பெண்கள் குறைவு. இருக்கிற சிட்டையையாவது பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிந்திய கட்டணத்தைக் குறைக்கவோ விட்டுவிடவோ கம்பனி ஆட்கள் சம்மதிப்பது உண்டு, கேட்டால்தான்.

அடுத்தது, மாதம் உங்களால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள். வெட்கத்தில் "மாசம் 10,000 கட்டுறன்" என்று கையெழுத்து வைத்துவிட்டு இரண்டாம் மாதமே நிறுத்துவதை விட, 3,000 என்று அடித்துப் பேசுவது நல்லது. நெல் வெட்டும் மாதத்தில் கூட, விதைக்கும் மாதத்தில் குறைய என்றும் தவணை போடலாம். அப்படிப் போடக் கூடாதென்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

மனிசன் அடிக்கிறார். பொலிசில இணக்க சபைக்குப் போகச் சொல்றாங்க. போகவா?

ஒருமுறை கைகலப்பு, சிறுகாயம் என்று பதியப்பட்டால் அது சபைக்கு அனுப்பப்படலாம். ஆனால் தொடர்ந்து அடி, உயிர்ப் பயம் என்றால் மத்தியஸ்தம் அதற்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. அடிக்குப் பயந்திருக்கும் ஒருத்தியை, அடிப்பவருக்கு எதிரே உட்காரவைத்து "நீங்க என்ன சொல்றீங்க மகள்" என்று கேட்டால், அவள் வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைத்துத்தான் பதில் சொல்வாள்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சபைக்குப் போகாமலே கேட்கலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். சட்ட உதவி ஆணைக்குழு மனுவை எழுதித் தரும். அறிவித்தல் வந்து சபைக்கு வந்தே ஆகவேண்டிய நிலை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மத்தியஸ்தர்கள் ஒவ்வொரு தரப்போடும் தனித்துப் பேசலாம். சிறுபிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் எதையும் எந்தச் சபையிலும், எந்த வீட்டு முற்றத்திலும் பேசித் தீர்க்க முடியாது. அது நேரே பொலிஸ்.

அங்க வாய்தவறி ஏதாச்சும் சொன்னா, பிறகு கோட்டில அதைப் பிடிச்சுக்குவாங்களா?

இல்லை. சபை முன் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. "சரி, 50,000 எண்டா தரலாம்" என்று இங்கே சொன்னதால், வழக்கில் 50,000 கடன் இருப்பதாக ஒப்புக்கொண்டதாக ஆகாது. அந்தத் துணிவில்தான் ஆட்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். ஆனால் இது சபை முன் சொன்னதற்கு மட்டும். வெளியே மரத்தடியில் நின்று கைபேசியில் பதிவு செய்யவிட்டுக் கத்துவதற்குப் பொருந்தாது.

சபையில மாசக்கணக்கா இழுபட்டா வழக்குப் போடுற காலம் முடிஞ்சு போகாதா?

நல்ல கேள்வி. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து சான்றிதழ் கிடைத்த நாள் வரையான காலம் காலாவதிக் கணக்கில் சேராது. ஆனால் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் நீங்கள் வீணாக்கிய காலம் சேரும். வாய்மொழியாகக் கொடுத்த கைமாற்றுக்கு 3 வருடம், எழுத்தில் உள்ளதற்கு 6 வருடம், கடையில் கடனுக்குக் கொடுத்த சாமானுக்கு 1 வருடம். எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர்களுக்கு இந்தக் கடைசி எண் தெரிவதே இல்லை; மூன்று வருடத்துக் கடன் கொப்பியோடு வருகிறார்கள்.

காணியிலிருந்து உங்களைப் பலாத்காரமாக வெளியேற்றிவிட்டார்கள் என்றால் கதை வேறு. ஊரில் "66 வழக்கு" என்பார்கள். 1979 ஆம் ஆண்டு முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு. வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விசயம் நீதிமன்றத்துக்குப் போனால்தான் பழையபடி உடைமையை மீட்டுத்தரக் கேட்கலாம். அந்த நிலையில் சபையின் தவணைக்காகக் காத்திருக்காமல் அன்றே பொலிசுக்கும் சட்டத்தரணிக்கும் போங்கள்.

காணிப் பிரச்சினையில ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டம். சபையில கையெழுத்து வெச்சாப் போதும்தானே?

போதாது. அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்தவளுக்குத் தாய் வீடு, இளையவளுக்குப் பக்கத்துக் காணியில் புதுவீடு. கிணறு மூத்தவளின் பக்கம். தாய் இருக்கும்வரை ஒருவரும் எல்லை பார்ப்பதில்லை. தாய் கண்மூடிய பிறகு ஒருநாள் ஒருவரின் மருமகன் கதியால் வேலியைப் பிடுங்கி மதில் கட்டத் தொடங்குவார். சபைக்கு வருவார்கள், அழுவார்கள், ஒத்துக்கொள்வார்கள்: ஒழுங்கைக்கு ஐந்து அடி விடுவது, கிணற்றுத் தண்ணீர் இருவருக்கும். எழுதிக் கையெழுத்தும் வைப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உரிமையை மாற்றும் எழுத்து நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன் சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஐந்து அடி, சட்டத்தின் கண்ணில் யாருக்கும் மாறவில்லை. அக்காவின் பிள்ளை நாளைக்குக் காணியை விற்றால், வாங்கியவர் "எனக்குத் தெரியாது" என்பார்.

ஆகவே இணக்கக் கடதாசியிலேயே இதையும் எழுதுங்கள்: எந்தத் திகதிக்குள் அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பது, எந்தத் திகதிக்குள் உறுதி முடிப்பது, அளவைக் கூலியும் நொத்தாரிசுக் கூலியும் யார் கட்டுவது. பிறகு காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பேர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றவோ துண்டாடவோ முடியாது. இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானாலும் முடியாது.

கையெழுத்து வெச்சுப் போட்டு இப்ப காசு தாறாரில்ல. என்ன செய்யலாம்?

சபையின் இணக்கக் கடதாசி நீதிமன்றத் தீர்ப்பாணை அல்ல. நீதிமன்றத்துப் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்து பொருளைத் தூக்கமாட்டார். தலைவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சபை இருவரையும் மீண்டும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கும். அதிலும் சரிவராவிட்டால் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வழக்குப் போடலாம். ஏற்கெனவே நடக்கும் வழக்கை நீதிமன்றமே சபைக்கு அனுப்பியிருந்தால் நிலை நல்லது: இணக்கம் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு அதன்படி கட்டளை ஆகும்.

மீறப்பட்ட கடதாசிகளில் பாதிக்கு மேல் எழுதிய விதத்திலேயே ஓட்டை. "கூடிய சீக்கிரம் தருவதாக ஒப்புக்கொண்டார்" என்ற வரியை எடுங்கள். கூடிய சீக்கிரம் என்பது எந்த மாதம்? ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதிக்கு முன், 8,000 ரூபா, இன்ன வங்கிக் கணக்குக்கு, ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்று எழுதினால் பிறகு வாதாட இடமில்லை. எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது மறுதரப்பின் முகம் சுருங்கினால், அந்த வரியைத் திரும்பப் பேசுங்கள்.

பள்ளிவாசல்ல பேசி முடிச்சிட்டம். கோயில் சபையிலயும் பேசினம். அது செல்லாதா?

பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் ஊர்ப் பெரியவர்களும் தீர்த்துவைத்த பிணக்குகள் எத்தனையோ. அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பேசியது, மேலே சொன்ன சான்றிதழுக்குப் பதிலாகாது. அங்கே சொன்னதற்குச் சட்டத்தின் இரகசியப் பாதுகாப்பும் கிடையாது, காலாவதிக் கணக்கும் நிற்காது. இன்னொரு வித்தியாசம், அங்கே பெரியவர்கள் முடிவு சொல்வார்கள். பெண்களின் பேச்சை அவர்களின் அண்ணனோ மாமாவோ பேசுவார். சபையில் அந்தப் பெண்ணே பேச வேண்டும்.

எங்கட பிணக்கு பெரிய வியாபாரம். காசு குடுத்துத் தொழில்முறை மத்தியஸ்தர் ஒராளை வெக்கலாமா?

வைக்கலாம். இரு தரப்பும் சம்மதித்து, பயிற்சி பெற்ற ஒருவரை, பெரும்பாலும் அனுபவமுள்ள சட்டத்தரணியையோ ஓய்வுபெற்ற நீதிபதியையோ அமர்த்திக்கொள்ளலாம். வியாபாரப் பிணக்குகளுக்காக 2000 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை வணிக மத்தியஸ்த நிலையமும் உருவாக்கப்பட்டது. இப்படிப்பட்ட மத்தியஸ்தத்தில் சட்டத்தரணி பக்கத்தில் இருக்கலாம், இடமும் நேரமும் உங்கள் வசதி. கூலியை இருவரும் பகிர்வது வழமை. ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மறுபக்கத்துக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

தொடங்குமுன் ஒரு சிறு உடன்படிக்கை எழுதுங்கள்: யார் மத்தியஸ்தர், கூலி எவ்வளவு, பேசியது வெளியே போகாது, எந்தத் திகதிக்குள் முடியாவிட்டால் விலகலாம். முடிவு வந்தால் அது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408 ஆம் பிரிவின்படி அதை நீதிமன்றத்துக்கு அறிவித்துத் தீர்ப்பாணையாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் முந்தைய கேள்வியில் உள்ள தலைவலி இல்லை. நடுத்தீர்ப்பு என்று யாராவது சொன்னால் அது வேறு. 1995 ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே நடுத்தீர்ப்பாளர் முடிவு சொல்வார், அது உங்களைக் கட்டும்.

அண்ணன் கனடாவில. சூமில வெச்சுப் பேச ஏலாதா?

மத்தியஸ்த சபைக்கு நேரில் வருவதுதான் விதி. தனியார் மத்தியஸ்தம் என்றால் சூமில் தாராளமாகப் பேசலாம். இங்கே இரவு எட்டு மணி, அங்கே காலை. கையெழுத்து வைக்கும்போதுதான் சிக்கல். காணி சம்பந்தப்பட்டால் அண்ணன் அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி முறைப்படி அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டும். அதில் "இணக்கத்துக்கு வரவும், உறுதி முடிக்கவும்" என்று தெளிவாக அதிகாரம் இருக்கிறதா என்று நொத்தாரிசிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். "காணியைப் பார்த்துக்கொள்ளவும்" என்று மட்டும் எழுதிய தத்துவத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிக்க ஏலாது.

வெளிநாட்டு மத்தியஸ்தத்துக்கு ஏதோ சிங்கப்பூர்ச் சட்டம் வந்திருக்கிறதாமே என்றும் கேட்கிறார்கள். இலங்கை 2019 இல் சிங்கப்பூர் சமவாயத்தில் கைச்சாத்திட்டது, 2024 இல் அதற்கான உள்நாட்டுச் சட்டமும் வந்தது. ஆனால் அது நாடுகளுக்கிடையிலான வர்த்தக இணக்கங்களுக்கு. அண்ணன் தம்பி காணிக்கு அது உதவாது.

யுத்த நேரம் இடம்பெயர்ந்தோம். வந்து பார்த்தா எங்கட காணியில வேற ஆக்கள். இதையும் இணக்க சபைக்குக் கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம். 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விசேட வகைப் பிணக்குகளுக்குத் தனிச் சபைகள் அமைக்க இடம் தருகிறது. சுனாமிக்குப் பிறகு அதன்கீழ் சபைகள் வந்தன. பின்னர் காணிப் பிணக்குகளுக்கான விசேட சபைகளும் வந்தன. உங்கள் பகுதிக்குரியது எங்கே என்பதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

எதிரே இருப்பவரும் பெரும்பாலும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்தான் என்பதால் இந்தப் பிணக்குகளில் பேச்சுக்கு நிறைய இடமுண்டு. அதே நேரம், பத்து வருடம் தடையின்றி இருந்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்ற சட்டமும் இருக்கிறது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழிக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன்கீழ் வழக்கிட இரண்டு வருடம்தான் தரப்பட்டது. அதைத் தவறவிட்டவர்கள் பலர். எனவே சபைக்கு வருமுன் சட்டத்தரணியிடம் போய் உங்கள் வழக்கின் பலம் எவ்வளவு என்று கேளுங்கள். பலம் தெரியாமல் பேச்சுவார்த்தைக்கு வருபவர் ஒன்றில் அதிகம் கேட்பார், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

மற்றப் பக்கம் சிங்கள ஆள். எனக்குச் சிங்களம் வராது. எந்தப் பாசையில பேசுவாங்க?

அம்பாறை மாவட்டத்தில் இது அடிக்கடி வரும். இரண்டு மொழியும் தெரிந்த மத்தியஸ்தர் ஒருவராவது வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். முக்கியம் பேச்சல்ல, கடதாசி: உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"விட்டுக்குடுத்துப் போங்க"ன்னு மத்தியஸ்தரே நெருக்கினா?

நெருக்கக் கூடாது. ஆனால் நெருக்குபவர்கள் இருக்கிறார்கள். வயதில் மூத்தவர், ஊரில் மதிப்புள்ளவர், "தங்கச்சி, உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றன்" என்பார். மரியாதையாகவே பதில் சொல்லலாம்: "ஐயா, எனக்கு இது சரிவராது. சான்றிதழைத் தாங்க." சம்மதிக்காததற்குத் தண்டனை எதுவும் இல்லை, நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எதிராகவும் பேசப்படாது. முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் அடுத்த தவணை கேளுங்கள், எழுதிய இணக்கக் கடதாசியின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மகனிடமோ மகளிடமோ வாசிக்கக் கொடுங்கள். இனி வேறு கேள்வி இருந்தால் சபை கூடும் நாளில், பெயர் கூப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி வாருங்கள். பெயர் கூப்பிடத் தொடங்கிய பிறகு எனக்குப் பேச நேரம் இருக்காது.